கல்லின் மேல் உட்கார்ந்தவள்

எங்கள் உவேரோவில் யாருக்கும் அந்த நோய் கிடையாது. சந்தேகம் இருந்தால் கடற்கரையின் முதல் வீட்டில் தொடங்கி முகத்துவாரத்துக் கடைசி வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே போங்கள். எல்லாரும் நெஞ்சில் சிலுவை போட்டுச் சத்தியம் செய்வார்கள். பக்கத்து ஊரில் உண்டு என்பார்கள். பக்கத்து ஊரில் போய்க் கேட்டால் அவர்கள் அதற்கடுத்த ஊரைக் கைகாட்டுவார்கள். இப்படியே கேட்டுக்கொண்டு போன ஒருவன் ஹோண்டுராஸின் வடகரை முழுவதையும் நடந்து தீர்த்து, கரை முடிந்ததும் கடலில் இறங்கி நீந்தி, பெலீஸில் கரையேறினான். அங்கேயும் அகப்படவில்லை. அவனை எனக்கு நன்றாகத் தெரியும். கால் செருப்பு தேய்ந்துபோனதற்கு இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறான்.

எனக்கு அந்த நோய் உண்டு. கப்பல் கப்பலாகச் சமையல்காரனாக அலைந்து சம்பாதித்ததில் பெண்டாட்டி போய்விட்டாள், பல் போய்விட்டது, கடிகாரத்தை ஒரு துறைமுகத்தில் திருடிவிட்டார்கள். இது ஒன்றுதான் கூடவே இருக்கிறது.

அதற்கு மாத்திரை இனாமாகக் கொடுக்கிறார்கள். பெரிய சாலையில் இறங்கினால் உடனே சுகாதார மையம். ஆனால் அங்கே வாசலில் கொய்யாப்பழம் விற்கிறவள் எங்கள் ஊரில் பெண் எடுத்த மாப்பிள்ளை ஒருவனின் அக்கா. அதனால் நான் இரண்டு பஸ் மாறி, தூரத்து நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து கொடுக்கும் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தால், எதிரே ஒருவர் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிக்கிறார். எங்கள் பள்ளிக்கூடத்து எவேலியோ வாத்தியார். அவருக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியும் தலைத்துணியுமாக ஒருத்தி. அவள் ஒரு தடவை இருமினாள். அந்த இருமலிலேயே தெரிந்துவிட்டது, ஃபௌஸ்தா. கிழங்கு துருவும் கொட்டகையில் அவள் பாட்டெடுத்தால் கடலில் வலை போடுகிறவர்களுக்குக் கேட்கும். மூலையில் நொல்பெர்த்தா, மீன் விற்க வந்தவள் மாதிரி மடியில் மீன்கூடையோடு. ஒரே சந்துக்காரர்கள் நான்கு பேர். ஊருக்குத் தெரியக்கூடாதென்று ஆளாளுக்கு இரண்டு பஸ் மாறிப் போய், ஊரோடு உட்கார்ந்திருந்தோம்.

வெகுநேரம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் கூரையில் ஒரு பல்லியையே பார்த்துக்கொண்டிருந்தேன்; கடைசியில் அந்தப் பல்லிக்கே சங்கடமாகி நகர்ந்துவிட்டது. அப்புறம் நொல்பெர்த்தா கூடையைத் திறந்தாள். மீன் இல்லை. வறுத்த வாழைக்காய்.

"போதும்ப்பா இந்த நாடகம்," என்றாள். "யாரெல்லாம் காலைல சாப்பிடல? வாத்தியாரே, பேப்பர நேராப் பிடிச்சுட்டு ஒரு கை எடும்."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் உவேரோ தோமினோ சங்கம். மாதாமாதம் நாலு பேரும் சேர்ந்து நகரத்துக்குப் போக ஒரு காரணம் வேண்டுமே. புள்ளி போட்ட கட்டைகளை அடுக்கி ஆடுகிற தோமினோப் போட்டிக்குப் போகிறோம் என்று ஊரில் சொன்னோம். எங்களில் ஒருவருக்கும் அந்த ஆட்டம் தெரியாது. ஊர்க்காரர்கள் ஜெயித்தீர்களா, ஜெயித்தீர்களா என்று குடைந்ததில் பழைய சாமான் கடையில் ஒரு கோப்பை வாங்கி வந்தோம். அதன் உச்சியில் ஒரு பெண் ஈட்டி எறிந்துகொண்டிருப்பாள். ஊர் அதையும் நம்பியது.

சங்கத்தின் சட்டம் ஒன்றே ஒன்று. ஒருவர் பெயரை இன்னொருவர் வெளியில் சொல்லக் கூடாது. கழுத்தில் கத்தி வைத்தாலும் கூடாது. மற்றதெல்லாம் சட்டம் இல்லாமலே நடந்தது. நான் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது நொல்பெர்த்தா தேங்காய்ப்பால் மீன்குழம்பு கொண்டுவந்து வாயில் ஊற்றினாள். ஃபௌஸ்தா ஒருநாள் வாழ்க்கை வெறுத்து மாத்திரைகளைக் கடலில் எறிந்துவிட்டாள். நொல்பெர்த்தா இடுப்பளவு தண்ணீரில் நின்று டப்பாவை மட்டும் மீட்டு வந்தாள். உள்ளே இருந்ததை ஒரு மீன் தின்றுவிட்டது. அந்த மீன் இன்னும் சாகவில்லை. வாரம் ஒருமுறை முகத்துவாரத்தில் தலைகாட்டும். அதற்கப்புறம் ஃபௌஸ்தா மாத்திரை போடுவதை நொல்பெர்த்தா தினமும் சாயங்காலம் எதிரில் நின்று பார்த்தாள். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். யாராவது படுத்துவிட்டால் அடுத்தவர் போய் மருந்து வாங்கி வருவோம். இப்படித்தான் உயிரோடு இருந்தோம்.

மழைக்காலத்தில் ஆறு பெருகி, மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலில் விழுந்த வருடம். நொல்பெர்த்தாவுக்கு மூட்டுக் காய்ச்சல். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். ஆஸ்பத்திரியில் ஃபௌஸ்தா அவளுடைய மருந்தையும் சேர்த்துக் கேட்டாள். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் புதிதாக ஒரு பையன். நோயாளி நேரில் வரவேண்டும், புது உத்தரவு என்றான். அவளால் நடக்க முடியவில்லை என்றாள் ஃபௌஸ்தா. நடக்க முடிந்ததும் வரட்டும் என்றான். நாங்கள் மூன்று பேரும் எங்கள் மாத்திரையில் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்து அவளை ஓட்டினோம். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் சின்னப் பிள்ளை. அதன் அப்பன் பின்னால் பிக்கப் வண்டியில் வந்தான்.

மருந்து வாங்க வராதவர்களைத் தேடிப்பிடிக்க யாரோ ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். ஒரு பகல்வேளை அந்த வண்டி ஊருக்குள் வந்தது. கதவு அகலத்துக்குச் சிவப்பு ரிப்பன் வரைந்து, கீழே 'எய்ட்ஸை ஒன்றாக வெல்வோம்' என்று குருடனுக்கும் தெரிகிற எழுத்து. உள்ளே அதே ரிப்பன் அச்சடித்த மேல்சட்டையில் ஓர் இளைஞன், நல்ல சிரிப்பு. கடையில் நிறுத்தி, "நொல்பெர்த்தா குய்த்தி வீடு எது?" என்று கேட்டான். கடையில் இருந்தவர்கள் வழி சொல்லவில்லை, கூட்டிக்கொண்டே போனார்கள். முன்னால் பிள்ளைகள், பின்னால் நாய்கள், நடுவில் வண்டி. திருவிழாவில் மாதா பவனிக்குக்கூட அவ்வளவு கூட்டம் வராது.

ஒரு பெரிய மீன் வாட்டி முடிகிற நேரம் அந்த வண்டி அவள் வாசலில் நின்றது. இளைஞன் வெளியே வந்து, படியில் நின்று, உள்ளே பார்த்து உரக்கச் சொன்னான்: "கவலையே படாதீங்கம்மா. உங்க ரகசியத்தக் காப்பாத்துறதுதான் எங்களுக்கு முதல் வேலை."

கை கொடுத்துவிட்டு ஏறிப் போய்விட்டான். அவள் அம்மாவுக்குத் தெரியாது, பெற்ற மகளுக்குத் தெரியாது, பாவமன்னிப்புக் கேட்ட சாமியாருக்குக்கூடத் தெரியாது. இப்போது நாய்களுக்குத் தெரியும்.

மகள் யோலானி. இருபது வயது, கரையில் மீன் வாங்கிச் சாலையில் நின்று விற்கிறவள். அன்று சாயங்காலம் நான் போனபோது உரலில் வாழைக்காய் இடித்துக்கொண்டிருந்தாள். அவித்த காய் எப்போதோ மசிந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. வீட்டுச் சுவரில் தொங்கிய பானைகள் ஆடின.

"போதும்ட்டி, உரலு உடைஞ்சுரும்," என்றேன்.

"உடையட்டும் மாமா."

உள்ளேயிருந்து நொல்பெர்த்தா: "அவள உடு. என்னய இடிக்க முடியல, அதான் காய இடிக்கா."

"எத்தன வருசம்மா?" உலக்கை நின்றது. "எத்தன வருசமா எங்கிட்டச் சொல்லல? நான் யாரு ஒனக்கு? சாலைல மீன் வாங்க வாறவளா?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பே?"

"அழுதிருப்பேன்!"

"அதுக்குத்தான் சொல்லல. ஒங்கப்பா கப்பல்ல இருந்து மெலிஞ்சு வந்து இந்தக் கட்டில்ல கெடந்து செத்தப்பவே நீ ஒரு வருசம் அழுதே."

"அப்பாகிட்ட இருந்தா?"

"பின்னே? கோயில்ல வச்சு மோதிரம் போட்டு, சாமியார் தண்ணி தெளிச்சு, ஊரு பூராவும் சோறு தின்னுட்டுப் போன கல்யாணத்துல வந்தது. களவாண்டா கொண்டாந்தேன்?"

யோலானி உலக்கையைக் கீழே போட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. குழம்பு ஆறியது. நானும் நொல்பெர்த்தாவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடாமல் இருந்தோம்.

இனி எரேபாவைப் பற்றிச் சொல்லவேண்டும். கசப்பு மரவள்ளிக் கிழங்கைத் துருவி, பிழிந்து, சலித்து, பெரிய இரும்புக் கல்லில் பரப்பிச் சுடுகிற ரொட்டி. எங்கள் பெண்கள் சேர்ந்துதான் செய்வார்கள். அந்தக் கிழங்கின் சாறு விஷம். ஒரு பன்றி குடித்தால் அன்றைக்கே ஊருக்குப் பன்றிக்கறி. பிழிந்து எடுத்து நெருப்பில் வாட்டினால் அமிர்தம். துருவு பலகையில் பொடிப் பொடியாகக் கல் பதித்திருப்பார்கள். எப்பேர்ப்பட்ட கைகாரிக்கும் விரல் முட்டி கீறும். இருநூறு வருடமாக எங்கள் பெண்களின் ரத்தம் கொஞ்சம் கொஞ்சம் இந்த ரொட்டியில் சேர்ந்திருக்கிறது. ருசிக்கு அதுதான் காரணம் என்று நான் சொன்னபோது ஒருத்தி என்மேல் கிழங்குத் தோலை எறிந்தாள்.

ஊரில் ரொட்டி சுடுகிற கல் ஒன்றுதான். அது நொல்பெர்த்தாவுடையது. வண்டிச் சக்கரத்தைவிடப் பெரியது. ஒரு காலத்தில் வாழைப்பழக் கப்பல் ஒன்று எங்கள் திட்டில் தரைதட்டியது. கரையில் கொதித்த தேங்காய்ப்பால் குழம்பின் வாசனை பிடித்து மாலுமி வேண்டுமென்றே திருப்பிவிட்டான். அந்தக் கப்பலின் கொதிகலன் மூடிதான் இது. அவள் அம்மாவழியில் வந்தது. அவள் வீட்டுப் பின்கட்டில் மண் அடுப்பின் மேல் கிடக்கும். யார் வந்து சுட்டாலும் தடுக்கிற வழக்கமில்லை.

வண்டி வந்துபோன அடுத்த திங்கட்கிழமை பெரிய துருவல். நியூயார்க்கில் இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்ப, மூட்டை மூட்டையாக ரொட்டி கேட்டிருந்தார்கள். சிரிலாவின் கொட்டகையில் விடியும்போதே பெண்கள் தோல் சீவ உட்கார்ந்துவிட்டார்கள். துருவுகிற பெண்கள் குழுவுக்கு சிரிலாதான் தலைவி. கடுமையானவள், கெட்டவள் இல்லை. அதுதான் அவளிடம் சண்டை போடமுடியாமல் செய்வது. நானும் அங்கே இருந்தேன். துருவிய மாவைப் 'பாம்பு' என்கிற நீளமான பின்னல் பையில் அடைத்து உத்தரத்தில் தொங்கவிட்டு, கீழே ஒரு கம்பைச் செருகுவார்கள். கம்பின் நுனியில் யாராவது உட்கார்ந்தால் பாம்பு நீண்டு சாறு வடியும். அந்த உட்காரும் வேலை எனக்கு. என் உடம்பில் உபயோகமாக மிச்சமிருப்பது எடை மட்டும்தான்.

நொல்பெர்த்தா தன் துருவு பலகையோடு வந்தாள். காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருக்கும். வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் போனாள். அங்கே ஒரு கிழங்குக் கூடை வைத்திருந்தார்கள். அதை நகர்த்தக் குனிந்தாள்.

"இரி நொல்பெர்த்தா," என்றாள் சிரிலா. "நீ இன்னிக்குத் துருவ வேண்டாம்."

"எனக்கு ஒடம்பு சரியாயிட்டுக்கா."

"அதச் சொல்லல."

துருவுகிற சத்தம் நின்றது.

"எதச் சொல்லுதீங்க?"

"என் வாயால சொல்லணுமாக்கும்? பலகைல கை கீறும். கீறுன கை மாவுல படும். நியூயார்க்குக்குப் போற ரொட்டி. நாளைக்கு ஒண்ணுன்னா ஊருப் பேரு நாறும்."

"ரொட்டில அது ஒட்டாதுக்கா. மாத்திரை போட்டுட்டே இருந்தா புருசன் பொண்டாட்டிக்கே ஒட்டாதுன்னு நர்சம்மா சொல்லுதா. நெருப்புல போட்டு வாட்டுத மாவுலயா ஒட்டும்?"

"நர்சம்மாவா வாங்கித் திங்கப்போறா?"

சிலர் சிரித்தார்கள். நான் பாட்டுக்காரி ஃபௌஸ்தாவைப் பார்த்தேன். அவள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நொல்பெர்த்தா அவள் பக்கம் திரும்பவே இல்லை. வேண்டுமென்றே திரும்பவில்லை. திரும்பினால் அவளைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று, கழுத்தைக் கல்லாக்கிக்கொண்டு சிரிலாவையே பார்த்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. "சிரிலா," என்றேன் கம்பின் மேலிருந்து. "எனக்கும் அந்த நோய் இருக்கு. நான் காலைல இருந்து இங்கதானே உக்காந்திருக்கேன்?"

கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. "போன வாரம் கடல்கன்னிகிட்ட கொழந்த இருக்குன்னீரே, சிக்ஸ்தோ மாமா?" "இவருக்கு நோயா? நோய்க்கு இவரு வந்தாத்தான் பயம்!" ஒருத்தி சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டாள். வாழ்நாளில் அபூர்வமாக நான் சொன்ன ஓர் உண்மைக்கு இவ்வளவு நல்ல வரவேற்பு.

நொல்பெர்த்தா தன் பலகையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். ஃபௌஸ்தா பாட்டெடுத்தாள். குரல் உடைந்தது, இருமினாள், மறுபடி எடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்து பாட, துருவல் தொடர்ந்தது. நான் கம்பிலிருந்து இறங்கிவிட்டேன். பிழிய வேறு எடையைத் தேடிக்கொள்ளட்டும்.

மறுநாள் காலையில் சிரிலா நான்கைந்து ஆண்களோடு நொல்பெர்த்தாவின் பின்கட்டுக்கு வந்தாள். தோளில் கழிகள், கயிறு. பிழிந்த மாவு கொட்டகையில் கூடை கூடையாகக் காத்திருந்தது. அந்த வெயிலில் அது சாயங்காலம் தாண்டாது, புளித்துவிடும். புளித்த மாவைப் பன்றிதான் தின்னும்.

"கல்ல எங்கொட்டகைக்கு எடுத்துட்டுப் போறோம், நொல்பெர்த்தா," என்றாள் சிரிலா. "வேல முடிஞ்சதும் திருப்பி வந்துரும்."

"நான் வேண்டாம். என் கல்லு வேணும்."

"கல்லு ஊருக்குப் பொது."

"அப்ப நான் யாருக்கு?"

 சிரிலா ஆண்களுக்குக் கண்ணைக் காட்டினாள். அவர்கள் கயிற்றைப் பிரித்தார்கள். நொல்பெர்த்தா பாவாடையை ஒதுக்கிக்கொண்டு அடுப்பின் மேல் ஏறி, கல்லின் நட்டநடுவில், காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"தூக்குங்க," என்றாள். "என்னயும் சேத்துத் தூக்குங்க."

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சுறாவைக் கையால் பிடித்தவர்கள் அவர்களில் உண்டு.

"எறங்கு நொல்பெர்த்தா, வெளையாடாத," என்றான் ஒருவன்.

"நீ எறக்கு. கைதானே? பிடிச்சு எறக்கு. எம்புருசன் சவப்பெட்டியத் தூக்குன கைதானே அது?"

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவர்களுடைய பயம்தான் அவளுக்கு வேலி. அதை அவள் கண்டுபிடித்த நிமிடம் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நான் பயந்துவிட்டேன். நல்ல பெண்கள் அப்படிச் சிரிக்கக் கூடாது; சிரிக்கும்படி செய்யவும் கூடாது.

வெயில் ஏறியது. இரும்பு சுட ஆரம்பித்தது. அவள் பாவாடையை மடித்துப் போட்டுக்கொண்டாளே தவிர எழுந்திருக்கவில்லை. வேலிக்கு வெளியே ஊர் சேர்ந்துவிட்டது. பள்ளிக்கூட இடைவேளையில் எவேலியோ வாத்தியார் அந்த வழியாக வந்தார். நின்றார். நொல்பெர்த்தாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைச் சரிசெய்தார். பிறகு வேகமாக நடந்து போய்விட்டார். முதுகிலேயே இரண்டு வார்த்தை விட்டெறியலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சட்டம் இருக்கிறதே. விழுங்கினேன். மாத்திரையைவிடக் கசப்பு.

யோலானி மீன்கூடையோடு வந்தாள். வண்டி வந்த நாளிலிருந்து அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாதவள். கூட்டத்தைப் பார்த்தாள், கூடையை இறக்கினாள், வீட்டுக்குள் போனாள். ஒரு கிண்ணம் குழம்பும் இடித்த வாழைக்காயும் எடுத்துவந்து அடுப்பு மேட்டில் ஏறி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கரண்டி ஒன்றுதான். அம்மாவுக்கு ஒரு வாய் ஊட்டினாள். அதே கரண்டியால் தானும் ஒரு வாய் தின்றாள். மறுபடி அம்மாவுக்கு. 

"உப்புக் கொறச்சல்," என்றாள் நொல்பெர்த்தா.

"வாய மூடிட்டுத் தின்னு," என்றாள் மகள். அழுதுகொண்டே மென்றாள்.

உச்சி தாண்டியதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஃபௌஸ்தா வந்தாள். தலையில் அவள் பங்கு மாவுக்கூடை. சிரிலா, "இங்கன எதுக்குக் கொண்டாந்தே? கல்லு வந்ததும் கொட்டகையில..." என்று ஆரம்பித்தாள். ஃபௌஸ்தா நிற்கவில்லை. கூடையை அடுப்பருகில் வைத்தாள். கல்லின் மேல் ஏறினாள்.

"தள்ளி உக்காரு," என்றாள் நொல்பெர்த்தாவிடம்.

"எறங்குட்டி," என்றாள் நொல்பெர்த்தா மெதுவாக. "ஒனக்கு என்ன கேடு? போ."

"ஒனக்கு உள்ள கேடுதான் எனக்கும்." இதை அவள் மெதுவாகச் சொல்லவில்லை. பாட்டுக் குரலில் சொன்னாள். வலைக்காரர்களுக்குக் கேட்டிருக்கும். "ஏழு வருசமா எனக்கும் இருக்கு. நேத்துத் துருவுனேன். போன மாசம் துருவுனேன். ஏழு வருசமா நீங்க தின்ன ரொட்டில என் கை இருக்கு சிரிலாக்கா. எத்தன பேரு செத்தீங்க?"

"ஃபௌஸ்தா, கிறுக்குத்தனமாப் பேசாத. இவ ஒனக்கு என்னமும்..."

"இவ எனக்கு என்ன செஞ்சா தெரியுமா? நான் சாவணும்னு நின்னப்ப இவ தண்ணில நின்னா. நேத்து இவள வெரட்டுனப்ப நான் பாட்டுப் பாடுனேன். பாட்டு!" அவள் துப்பினாள். "பன்றியக் கொல்லுத கெழங்குச் சாறு. அத நெருப்புல காட்டிப் பிள்ளைக்கு ஊட்டுதோம். ஒருத்திக்கும் பயமில்ல. அந்த விஷத்தக் கொல்லுத நெருப்புக்கு எங்க ரத்தத்தக் கண்டா மட்டும் கை நடுங்குமாக்கும்?"

நானும் போய்க் கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தோமினோ, தோமினோ என்று வேலிப்பக்கம் யாரோ மெல்ல முணுமுணுப்பது கேட்டது. அந்த ஈட்டிக்காரக் கோப்பை அந்த நிமிடமே ஊரில் செத்துப்போனது. தூக்க வந்த ஆண்களில் ஒருவனுக்கு வீட்டில் வேலை நினைவுக்கு வந்தது. மற்றவர்களுக்கும் வந்தது. கழிகளை விட்டுவிட்டே போனார்கள்.

"இப்படியே உக்காந்திருந்தா என் மாவு புளிச்சுரும்," என்றாள் ஃபௌஸ்தா.

"எந்திரிச்சா கல்லத் தூக்கிட்டுப் போயிருவாங்க," என்றேன்.

நொல்பெர்த்தா யோசித்தாள். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னாள்: "ஏட்டி, தீயப் போடு. சூடான கல்ல எவன் தூக்குதான்னு பாப்போம்."

யோலானி தென்னை மட்டையைச் செருகிப் பற்றவைத்தாள். நாங்கள் மூவரும் இறங்கினோம். நான் கொஞ்சம் தாமதித்துவிட்டேன், அதன் தழும்பை யாருக்கும் காட்டமுடியாத இடத்தில் வைத்திருக்கிறேன். நொல்பெர்த்தா கையைக் கழுவவில்லை. எல்லாரும் பார்க்க, அந்தக் கையாலேயே மாவைச் சலித்து, கல்லில் கொட்டி, வட்டமாகப் பரப்பி, பலகையால் தட்டி, ஓரத்தைச் சீவினாள். மாவு வெண்மையாகக் கிடந்து, ஆவிவிட்டு, இறுகி, மணக்க ஆரம்பித்தது. அந்த மணத்துக்கு எங்கள் ஊரில் வெட்கமானம் பார்க்கிற வயிறு கிடையாது. முதல் ரொட்டியை அவள் நான்காக உடைத்தாள். நான்கு பேரும் தின்றோம். வேலிப்பக்கம் நீட்டவில்லை.

ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். சிரிலாவும் போனாள். கடற்காற்று திரும்பிற்று. ஃபௌஸ்தாவின் கூடை பாதி முடிந்திருந்தது. சாயங்கால வெயில் சாய்கிற வேளையில் சிரிலா தனியாக வந்தாள். தலையில் கூடை. பின்னால் தூரத்தில், சந்து முனையில், மற்றப் பெண்கள் தங்கள் கூடைகளோடு நிற்பது தெரிந்தது. இவள் என்ன ஆகிறாள் என்று பார்க்க.

சிரிலா கூடையை அடுப்பிலிருந்து பத்தடி தள்ளித் தரையில் வைத்தாள்.

"அங்கன வைக்காத," என்றாள் நொல்பெர்த்தா. சட்டுவத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். மாவும் கரியும் வியர்வையும் அப்பிய கை. விரல் முட்டியில் பழைய கீறல்கள். "கைல குடு."

சிரிலா நின்றாள். நெடுநேரம் நின்றாள். அந்த நேரத்தில் ஒரு ரொட்டி கல்லிலேயே கருகிவிட்டது, யாரும் திருப்பவில்லை. பிறகு குனிந்து கூடையை எடுத்தாள். நடந்து வந்தாள். நொல்பெர்த்தாவின் கையில் வைத்தாள். கூடையின் விளிம்பில் நான்கு கைகளும் ஒன்றன்மேல் ஒன்று பட்டன. நொல்பெர்த்தா உடனே விடுவிக்கவில்லை, பிடித்தே வைத்திருந்தாள். சிரிலாவும் இழுக்கவில்லை.

நொல்பெர்த்தா கூடைக்குள் குனிந்து முகர்ந்தாள்.

"புளிச்சுட்டு," என்றாள்.

கூடையைத் திருப்பி அவள் கையிலேயே வைத்தாள். "புளிச்ச மாவ என் கல்லுல சுடமாட்டேன். கொண்டுபோய்ப் பன்னிக்குப் போடு."

மாவு புளிக்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். காற்று என் பக்கம்தான் அடித்தது. நாற்பது வருடமாக மாவை முகர்கிற சிரிலாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சந்து முனையில் நின்ற பெண்களுக்கும் தெரிந்திருக்கும்.

சிரிலா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். திரும்பி நடந்தாள். வேலி வரைக்கும் போய் நின்றாள். முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்:

"நாளைக்குத் துருவ எப்ப வருவே?"

"விடிஞ்சதும்," என்றாள் நொல்பெர்த்தா, கருகிய ரொட்டியைக் கல்லிலிருந்து சுரண்டிக்கொண்டே. "என் எடத்துல கெடக்குற கூடைய எடுத்து வச்சுரு."